கண்ணாத்தாளின் மஜ்ஜை எந்தக் கூட்டம்?

டாக்டர் கைலாசத்துக்கு எலிகளோடு இருந்த நெருக்கம் மனிதர்களோடு இருந்ததில்லை. எலியிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை என்பது ஒரு காரணம்.

அது 1987. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மாடியில் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். ரத்தம் ஊறுவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். அது கெட்டுப்போனால் இன்னொருவரின் மஜ்ஜையை எடுத்து ஏற்றிவிட முடியுமா என்பதுதான் அவருடைய வாழ்க்கை. எலிகளில் ஜெயித்தாகிவிட்டது. மனிதர்களில் இரண்டு பேருக்குச் செய்து பார்த்தார்கள். ஒருவர் பிழைத்தார். மூன்றாவதாக வந்து சேர்ந்தவன் வேலுமணி.

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரன். வாட்டசாட்டமான இளைஞன், ஆனால் முகத்தில் சுண்ணாம்பு அடித்தது போல ஒரு வெளுப்பு. அவனுடைய மஜ்ஜை வேலையை நிறுத்தியிருந்தது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்காது. யாராவது பிரியமாகத் தோளில் தட்டினால் தட்டிய இடம் நீலமாகிவிடும். சேலத்தில் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதிலும் ஓர் ஆபத்து. ஏற்ற ஏற்ற, வெளி மஜ்ஜை எது வந்தாலும் விரட்டியடிக்க உடம்பு பழகிவிடும். சீக்கிரம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தீபாவளிக்கு வேலுமணி இல்லை.

இதை அவன் தகப்பன் சென்னியப்பனிடம் டாக்டர் சொன்னார். மஜ்ஜை என்றதும் சென்னியப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஆட்டு நல்லியில உறிஞ்சுவமே, அதுங்களா?"

"அதேதான்."

"நாலு கிடா அடிச்சுப் போட்டர்றனுங்க. ஆட்டுக்கா பஞ்சம்?"

மனித நல்லிதான் வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். அதுவும் எல்லோருடையதும் சேராது. ஆறு பொருத்தம் பார்க்க வேண்டும், ஆறும் அமைய வேண்டும். ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தவர்களிடம் அமைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மற்றவர்களிடம் தேடுவது கடலில் மோதிரம் தேடுவது மாதிரி. அப்படி யாராவது இருக்கிறார்களா?

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பையன் ஒருத்தந்தானுங்க. ஆனா ஒரே ரத்தமுன்னு பாத்தா இருக்கறாங்க. நெறையவே இருக்கறாங்க. நீங்க ஒரு நடை ஊருக்கு வாங்க. பொருத்தமான ஆளை நிறுத்தறது என்னோட பொறுப்பு."

டாக்டர் வாழப்பாடியில் பிறந்தவர். நாமக்கல்லும் அப்போது அதே சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. இதே ஜில்லாக்காரன் எனக்குத் தெரியாததா என்ற தைரியத்தில், 'நிறைய' என்ற சொல்லைப் பற்றி அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

*

ஜீப் பண்ணைக்குள் நுழைந்ததும் டாக்டர் கண்ட காட்சி: வாசலில் வரிசையாக லாரிகள். முட்டைக் கிடங்கு முழுக்க வெள்ளை வேட்டிகள். மீசை நரைத்தவர்கள், மீசை முளைக்காதவர்கள், கோல் ஊன்றியவர்கள். பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, ஓரத்தில் அடுப்பு மூட்டிச் சோறு வெந்துகொண்டிருந்தது.

"என்ன விசேஷம்?" என்றார் டாக்டர்.

"ரத்தம் குடுக்க வந்திருக்கறாங்க. எல்லாம் நம்ம நாரைக் கூட்டமுங்க" என்றார் சென்னியப்பன், பெருமை தாங்காமல்.

அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் நாரை, உடும்பு என்பது போல ஒரு பெயர் கொண்ட கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒரு கூட்டத்தார் எல்லோரும் ஒரே பாட்டனின் வாரிசுகள் என்பது நம்பிக்கை. அதனால் எல்லோரும் பங்காளிகள், ரத்தபாசம் உள்ள சகோதரர்கள். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். டாக்டர் 'ஒரே தாய் தகப்பன்' என்று சொன்னது சென்னியப்பனுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. ஆனால் பாட்டன் ஒருவன் என்றால் போதாதா? பட்டணத்து டாக்டர் கூச்சத்தில் குறைத்துக் கேட்கிறார், நாம் நிறைவாகச் செய்துவிடுவோம் என்று முடிவு செய்திருந்தார்.

டாக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பொருத்தம் பார்க்கும் சீரம், வரிசையாகப் பிள்ளை பெற்ற தாய்மார்களின் ரத்தத்திலிருந்து சொட்டுச் சொட்டாகப் பிரித்துச் சேர்த்தது. இந்தக் கிடங்கில் பாதிப் பேருக்குப் பார்த்தாலே அடுத்த வருஷம் வரைக்கும் ஆராய்ச்சிக்கூடத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். வேண்டாம், போய் வாருங்கள் என்று சொல்லவும் முடியாது. லேசாகச் சொல்லிப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஒருவர், எங்கள் ரத்தத்தில் அப்படி என்ன குறையைக் கண்டீர்கள் என்று அமைதியாகக் கேட்டார். அந்த அமைதியில் டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்.

அடுத்த சிக்கல், யாருக்கு முதல் ஊசி என்பது. இளைஞர்களைக் கூப்பிட்டார். பெரியவர்கள் இருக்கும்போது சின்னப் பையன்களுக்கு முதல் மரியாதையா என்று கிடங்கே திரும்பிப் பார்த்தது. கூட்டத்தின் மூத்தவர், காது கேளாத, எலும்பும் தோலுமான ஒரு தாத்தா, இரண்டு பேர் தாங்க நடந்து வந்து கையை நீட்டினார். நரம்பு கிடைப்பதற்குள் தாத்தாவின் உயிர் தன் மடியிலேயே போய்விடுமோ என்று டாக்டருக்கு ஆகிவிட்டது. தாத்தா சிரித்துக்கொண்டே இன்னொரு கையையும் நீட்டினார்.

ஒரு பெஞ்சு முடிவதற்குள் டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். எலிகளிடம்கூட எழுப்பாத குரலை எழுப்பினார்.

"ஐயா, வேலுமணியைப் பெத்த வயித்திலேயே பிறந்தவங்க இங்கே யாராவது இருக்கீங்களா? இருந்தா அவங்க மட்டும் வாங்க. போதும்."

யாரும் எழவில்லை.

ஓரத்தில் மோர்ச்சொம்போடு பெஞ்சு பெஞ்சாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள்.

"நான் இருக்கறனுங்க" என்றாள். "ஆனா என்னை ஆரும் வரிசையில உக்காரச் சொல்லலீங்களே."

கண்ணாத்தாள். வேலுமணிக்கு மூத்தவள், சென்னியப்பனின் ஒரே மகள். சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் ராசப்பனுக்குக் கட்டிக் கொடுத்த பெண். தம்பிக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு மோர் ஊற்றலாம் என்று முந்தின நாளே வந்திருந்தாள்.

டாக்டர் சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் டாக்டரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவளைக் கட்டிக் குடுத்தாச்சுங்களே. இப்ப அவ உடும்புக் கூட்டம். ஊட்டுக்காரர் கூட்டந்தானுங்களே பொண்டாட்டிக்கும்."

டாக்டர் கண்ணாத்தாளின் கையிலிருந்து சொம்பை வாங்கிச் சென்னியப்பனிடம் கொடுத்தார். அவள் கையில் ஊசியைப் போட்டார். அந்தக் குழாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே சேலத்தில் ரயில் ஏறிவிட்டார்.

*

ஆறும் பொருந்தின.

டாக்டர் தந்தி அடித்தார். தந்தி போதாது என்று தானும் வந்தார். ஊசி குத்தி மஜ்ஜை எடுப்பது கண்ணாத்தாளின் இடுப்பெலும்பிலிருந்து. அவளுக்கும் அவள் வீட்டாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு. பண்ணையில் அன்றைக்கு இரண்டு குடும்பமும் கூடியிருந்தது. கட்டிலில் கொசுவலைக்குள் வேலுமணி. எதிரே கண்ணாத்தாளின் மாமியார் காளியாத்தாள். பக்கத்தில் மகன் ராசப்பன். அம்மா இருக்கும் இடத்தில் அவர் வாயே திறப்பதில்லை. தன் லாரியில் ஹார்ன் அடிப்பதோடு சரி. அவருக்குப் பின்னால் அவருடைய தங்கை பாவாயி, கொசுவலையையே பார்த்துக்கொண்டு.

பாவாயிக்கும் வேலுமணிக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. வியாதி வந்ததால் முகூர்த்தம் தள்ளிப் போயிருந்தது. காளியாத்தாள் நல்ல மனசுக்காரி. மாப்பிள்ளை படுத்துக்கொண்டார் என்று வேறு இடம் பார்க்காதவள். மருமகள் மஜ்ஜை கொடுப்பதற்கும் உடனே தலையாட்டிவிட்டாள். ஒரே ஒரு விவரம் மட்டும் கேட்டாள்.

"ஏத்துனதுக்குப் பொறவு மாப்பிள்ளை உடம்புல ஓடறது ஆரு ரத்தமுங்க?"

அதற்கு முன் டாக்டரிடம் இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். வேலுமணியின் பழைய மஜ்ஜையை மருந்தால் முழுக்க அழித்துவிடுவோம். உங்கள் மருமகளின் மஜ்ஜை அந்த எலும்புகளுக்குள் போய்க் குடியேறும். அதற்கப்புறம் ஊறுகிற ஒவ்வொரு சொட்டும் அவளுடையதுதான். இவனுக்கு இப்போது பி குரூப், அவளுக்கு ஓ. இவனும் ஓ ஆகிவிடுவான். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் பெண்ணின் ரத்தம் என்றே தெரியும்.

சொல்லி முடித்துச் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவருடைய உற்சாகத்தில் கலந்துகொள்ளவில்லை. சென்னியப்பன் அவர் காதருகே குனிந்து, மீசைக்கு ஏதும் பாதகம் வருமா என்று மெல்லக் கேட்டார். மீசைக்கும் மஜ்ஜைக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார்.

காளியாத்தாளின் கவலை மீசையைப் பற்றியது அல்ல. மருமகள் உடும்புக் கூட்டம். அவள் ரத்தம் முழுக்க வேலுமணிக்குள் ஓடினால் வேலுமணியும் உடும்புக் கூட்டம். பாவாயி பிறந்ததே உடும்புக் கூட்டத்தில். அப்படியானால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே ரத்தம். அண்ணனும் தங்கையும்.

"நல்லியைத் தாராளமாக் குடுக்கட்டுமுங்க. உசுரு பெருசு" என்றாள் காளியாத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா என்ற புள்ளையைத் தர முடியாது சாமி. பங்காளிக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது?"

கொசுவலைக்குள்ளிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல், ஆனால் தெளிவாக இருந்தது.

"பாவாயி இல்லைன்னா எனக்கு நல்லியும் வேண்டாம். நீங்க மெட்ராசுக்கே போயிருங்க டாக்டரய்யா."

*

டாக்டர் மூன்று நாள் பேசிப் பார்த்தார். வேலுமணி அசையவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஈறில் கசிவு அதிகமாகிக்கொண்டிருந்தது. முழங்காலில் புதிதாக ஒரு நீலம். சேலத்திலிருந்து இன்னொரு பாட்டில் ஏற்ற வேண்டிய கட்டம் வந்துவிட்டது. அந்த ஒரு பாட்டிலே கதவைச் சாத்திவிடக்கூடும் என்று டாக்டருக்குத் தெரியும்.

கடைசியில் உடும்புக் கூட்டத்தின் பெரியவர் சின்னுசாமியை அழைத்து வந்தார்கள். ராசப்பனுக்குப் பெரியப்பா முறை. எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்தில் பெண் எடுக்கலாம் என்பதில் அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. மறுபடியும் முட்டைக் கிடங்கு, மறுபடியும் பெஞ்சு. கட்டிலோடு வேலுமணியைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள்.

டாக்டர் தன்னிடம் இருந்த ஒரே அஸ்திரத்தை எடுத்து வீசினார். இதுவரைக்கும் வேலுமணிக்கு ஏற்றிய பாட்டில்கள் எத்தனையோ. யார் யார் ரத்தமோ, எந்த ஊர், எந்த ஜாதி, யாருக்குத் தெரியும்? அப்போதெல்லாம் கூட்டம் மாறவில்லையே, இப்போது மட்டும் எப்படி மாறும்?

சின்னுசாமி புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"பாட்டில் ரத்தம் எத்தனை நாளைக்கு நிக்குமுங்க?"

"கொஞ்ச நாள். அப்புறம் அழிஞ்சுடும்."

"அப்ப அது விருந்தாளி. வந்துச்சு, தின்னுச்சு, போயிருச்சு. நீங்க இப்பக் கொண்டாறது குடித்தனம் பண்ற ரத்தமுங்க. ரெண்டும் ஒண்ணா?"

விஞ்ஞானப்படி அது சரியான பதில். டாக்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சென்னியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பாவாயி அழவே இல்லை, அதுதான் பார்க்க முடியாததாக இருந்தது. சின்னுசாமி தீர்ப்புச் சொல்லத் தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிசமுங்க" என்றாள் கண்ணாத்தாள்.

அந்த நாள்வரைக்கும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எலும்பு அவளுடையது என்பது எல்லோருக்கும் மறந்தே போயிருந்தது. கிடங்கின் நடுவே வந்து நின்று மாமியாரிடம் மிகுந்த மரியாதையோடு பேசினாள்.

"அத்தை, எனக்கு ஒரு சந்தேகமுங்க. தாலி கட்டுன அன்னைக்கே என்ற ரத்தம் உடும்புக் கூட்டத்து ரத்தமாயிருச்சுன்னு சொல்றீங்க. சரிங்க. அப்ப நானும் உங்க மகனும் ஒரே ரத்தம். ஒரே ரத்தம்னா அண்ணன் தங்கச்சி. அண்ணங்கூட இருந்துக்கிட்டு நான் ரெண்டு புள்ளை பெத்துட்டனுங்களே. இதுக்கு என்னங்க பண்றது?"

கோழிக் கொட்டகையிலிருந்து மட்டும் கொக்கரிப்பு கேட்டது.

"இனிமே அந்த ஊட்டுக்கு வந்தா பாவமுங்க. நான் இங்கேயே எங்கப்பன்கிட்ட இருந்துக்கறேன். பாவாயிக்கு வேற இடம் தேடறீங்கல்ல? தேடற கையோட உங்க மகனுக்கும் ஒரு பொண்ணைப் பாத்துருங்க."

ராசப்பன் எழுந்தார். அம்மா முன்னிலையில் அவர் எழுந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள்.

"பெரியப்பா, அது அப்படி இருக்காதுங்க" என்றார் அவசரமாக. "கொஞ்சம் நல்லா யோசனை பண்ணிச் சொல்லுங்க."

சின்னுசாமி யோசனை செய்தார். புகையிலையைத் துப்பிவிட்டு வந்து யோசனை செய்தார். காளியாத்தாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நல்ல மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள். கணக்கு அவளுக்கும் உதைத்தது. பெரியவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"இந்த நல்லி எப்பங்க உண்டாகுது?"

"தாய் வயித்துக்குள்ளேயே" என்றார் டாக்டர்.

"தாலி கட்டறதுக்கு முந்தியே?"

"ரொம்ப முந்தி."

"கல்யாணத்துக்குப் பொறவு அது மாறுமுங்களா?"

டாக்டர் கைலாசம் தன் வாழ்நாளில் இவ்வளவு நிச்சயமாக எதையும் சொன்னதில்லை. "மாறவே மாறாதுங்க."

"அப்பறம் என்ன?" என்றார் சின்னுசாமி, தாமே முதலிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது போல. "எலும்புக்கு உள்ளாற இருக்கறது பொறந்த கூட்டம். தோலுக்கு வெளிய இருக்கறது புகுந்த கூட்டம். சேலை, நகை, ரேசன் கார்டு எல்லாம் உடும்பு. நல்லி நாரை. நாரை நல்லி நாரைக்குப் போகுது. பொண்ணைக் குடுக்கலாம்."

ராசப்பன் உட்கார்ந்தார். சென்னியப்பன் டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பாவாயி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

காளியாத்தாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் தன் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "அப்ப என்ற எலும்பும் என்ற பொறந்த ஊட்டோடதா?"

"ஆமா" என்றார் சின்னுசாமி, யோசிக்காமல்.

"அப்ப இத்தனை வருசமா உடும்புக் கூட்டத்துக் குலசாமிக்குப் பொங்கல் வெச்சதெல்லாம் ஆரு எலும்புங்க?"

பெரியவருக்கு ஊருக்குப் போகும் பஸ் நினைவுக்கு வந்துவிட்டது.

*

சென்னையில், கண்ணாத்தாளின் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை எடுத்தார்கள். குத்தின வலியைவிட ஆஸ்பத்திரிச் சாம்பார்தான் தன்னைப் படுத்திவிட்டதாக அவள் சொன்னாள். பாட்டிலில் இருந்த மஜ்ஜை பார்க்கச் சாதாரண ரத்தம் மாதிரியே இருந்தது. இவ்வளவு பஞ்சாயத்தும் இதற்கா என்று சென்னியப்பனுக்கு ஏமாற்றம்.

அது வேலுமணியின் கைநரம்பு வழியே உள்ளே இறங்கியது. எந்த எலும்புக்குப் போக வேண்டும் என்று யாரும் அதற்கு வழி சொல்லவில்லை. அதுவாகவே போய்ச் சேர்ந்தது.

பிறகு காத்திருப்பு. கண்ணாடி அறைக்குள் வேலுமணி தனியாகக் கிடந்தான். முடி கொட்டியது, காய்ச்சல் அடித்தது, வாயெல்லாம் புண். தினமும் காலையில் டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். காலி வயல் மாதிரி இருக்கும். வெள்ளை அணு ஒன்றுகூடக் கண்ணில் படாது. சென்னியப்பன் வராந்தாவில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பார். முகத்தை வைத்தே புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் போய்விடுவார்.

ஒரு காலையில் அந்த வயலின் ஓரத்தில் ஒன்று தெரிந்தது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இரண்டு. மறுநாள் எண்ணுகிற அளவுக்கு. அதற்கடுத்த நாள் எண்ண முடியாத அளவுக்கு. அவர் வராந்தாவுக்கு ஓடினார். சென்னியப்பனின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சென்னியப்பன் வராந்தாவிலேயே சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வருஷம் தை பிறந்ததும் கல்யாணம். இரண்டு கூட்டமும் திரண்டு வந்திருந்தது. டாக்டரைப் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தார்கள். மணமக்களும் பக்கத்து இலைக்கு வந்தார்கள். பாவாயி பக்கவாட்டில் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"டாக்டரய்யா, இவிய உடம்புல இப்ப ஓடறது பூராவும் நங்கையோட ரத்தமுங்களா?"

அண்ணன் மனைவியை அவர்கள் நங்கை என்பார்கள். டாக்டர் ஆமாம் என்றார்.

"அப்ப நங்கை மாதிரியே பேச்சும் வந்துருமுங்களா?"

அதெல்லாம் வராது, பேச்சுக்கும் ரத்தத்துக்கும் தொடர்பு இல்லை என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். பாவாயிக்கு அது ஆறுதலாகப் படவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"வந்திருந்தா நல்லா இருந்திருக்குமுங்க" என்றாள். "எங்கம்மாகிட்ட எதுத்துப் பேச எங்கண்ணனுக்கு ஒரு ஆளு கெடைச்சிருச்சு. எனக்கு?"

வேலுமணி மாலையை ஒதுக்கிவிட்டு அவள் காதில் ஏதோ சொன்னான். பாவாயி புது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். எதிர் வரிசையிலிருந்து காளியாத்தாள் என்ன அங்கே சிரிப்பு என்று கேட்டாள். வேலுமணிக்குக் காதுவரை முகம் சிவந்துவிட்டது.

டாக்டர் கைலாசம் அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலையில் இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார்.